ராயல் ப்ளூ என்றால் எந்த நீலம்?

கேமலின் ராயல் ப்ளூ விற்கிறது. ப்ரில்லும் விற்கிறது. கொல்கத்தாவின் சுலேகாவும் ஜெர்மனியின் பெலிகனும் அதே பெயரில் மை விற்கின்றன. நான்கையும் ஒரே தாளில் எழுதிக் காயவிட்டுப் பாருங்கள். நான்கு நீலம் தெரியும். மை நிறங்களின் பெயருக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. அந்தந்தக் கம்பெனி வைத்ததுதான் பெயர். வாட்டர்மேன் கம்பெனியோ ஒரே மைக்குப் பெயரையே மாற்றியது. பழைய பாட்டிலில் ஃப்ளோரிடா ப்ளூ என்று இருந்ததுதான் இப்போது செரினிட்டி ப்ளூ. சவுத் சீஸ் ப்ளூ இப்போது இன்ஸ்பயர்டு ப்ளூ. ஆக, ஒரே பெயரில் வேறு வேறு மைகள் இருக்கின்றன, வேறு வேறு பெயரில் ஒரே மையும் இருக்கிறது.

காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் இருந்துகொண்டு மைப்பேனாவில் எழுதுகிறவர்களுக்கு இது ரசனையோடு முடிகிற விஷயம் இல்லை. பக்கத்துக் கடைகளில் கிடைப்பவை ஓரிரண்டு இந்திய மைகள். மற்றவை கூரியரில் வரவேண்டும், அல்லது பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் பெட்டியில் வரவேண்டும். காரைக்கால் வட்டாரத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் இருப்பதால் வாட்டர்மேன், ஜே. ஹெர்பின் பாட்டில்கள் இங்கே அப்படி ஒன்றும் அதிசயமில்லை. அந்த பாட்டில் தீர்ந்தபின் அதே நிறத்துக்கு எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டு மை இந்திய மையைவிடப் பல மடங்கு விலை. நெருக்கமான நிறம் உள்ளூர்க் கடையிலேயே இருந்தால் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில், பாட்டிலைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். பாட்டிலுக்குள் எல்லா நீலமும் கறுப்பாகத்தான் தெரியும். மூடியின் நிறமும் அட்டைப்பெட்டியின் நிறமும் அச்சகத்தில் வந்தவை. உள்ளே இருக்கும் மைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் குறைவு. கைபேசியில் பார்க்கும் படத்தை இன்னும் குறைவாக நம்புங்கள். ஊதாவைச் சரியாகப் பிடிப்பது கேமராக்களுக்குச் சிரமம். நல்ல ஊதா மையைக்கூட அவை நீலமாகக் காட்டிவிடும். இரண்டு மைகளை நண்பருக்குப் படமெடுத்து அனுப்புவதென்றால் இரண்டையும் ஒரே தாளில் தீட்டி ஒரே படமாக எடுங்கள். நிறம் பிசகினாலும் இரண்டுக்கும் சேர்ந்தே பிசகும். இடையே உள்ள வித்தியாசமாவது ஓரளவு தெரியும்.

தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கடைத் தாள் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். சாயம் நாருக்குள் இறங்கிவிடுவதால் நிறம் மங்கி, தட்டையாகத் தெரியும். பசைப்பூச்சு நன்றாக உள்ள தாளில் சாயம் மேலேயே நின்று காய்கிறது. ஒரே எழுத்துக்குள் ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளுத்தும் தெரிவதும், சில நீல மைகளில் ஓரமெல்லாம் செம்பு நிறத்தில் மினுங்குவதும் இப்படிப்பட்ட தாளில்தான். ஒரு மையை நோட்டுத் தாளிலும் இன்னொன்றை நல்ல தாளிலும் எழுதிவிட்டு ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிட்டது தாள்களைத்தான். எங்கள் கடலோரத்தில் பருவமும் குறுக்கே வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாள் ஈரம் இழுத்திருக்கும். சித்திரையில் கோடு மெல்லிசாக விழும் அதே பேனா அப்போது மையை ஊறவிட்டுப் படரச் செய்யும். மாதிரி எடுப்பதென்றால் எல்லா மைக்கும் ஒரே நாளில், ஒரே கட்டுத் தாளில் எடுங்கள்.

தாளும் மையும் இந்தப் பக்கத்துக்குப் புதியவை அல்ல. கோட்டுச்சேரிக்கு வடக்கே சில மைல் போனால் பொறையாறு, அதை அடுத்துத் தரங்கம்பாடி. 1712-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு அச்சு இயந்திரம் வந்தது. அந்த மிஷனின் சீகன்பால்க் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த தாள் போதாமல் பொறையாற்றிலேயே காகிதப் பட்டறை போட்டார்கள்; அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் வந்தது. அவர்கள் கையாண்டது அச்சு மை. அது எண்ணெயில் குழைத்தது, பசைபோல் கெட்டியானது. பேனா மை இதற்கு நேர்மாறு. அது பெரும்பாலும் தண்ணீர். அதில் கொஞ்சம் சாயம், நிப்பில் தடையில்லாமல் இறங்க ஒரு பொருள், நிப்பு முனையில் சீக்கிரம் காய்ந்துவிடாதிருக்க ஒரு பொருள், பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் நிற வித்தியாசத்துக்கான காரணம் பாதி விளங்கும். இரண்டு கம்பெனிகள் ஒரே சாயத்தைப் போட்டிருந்தாலும் ஒன்று அதிகம் போட்டிருக்கலாம். அல்லது ஒன்றின் மை தாராளமாக இறங்கும், மற்றது சிக்கனமாக இறங்கும். தாராளமாக இறங்குவது தாளில் அடர்ந்து தெரியும். பேனாவும் இதே வேலையைச் செய்யும். ஹீரோ பேனாவின் ஊசி நிப்பில் வெளிறித் தெரியும் மை, இந்திய எபோனைட் பேனாவின் தடித்த நிப்பில் ஒரு படி கறுத்துத் தெரியும். ஆகவே ஒரே பேனாவைக் கழுவிக் கழுவித்தான் எல்லா மைக்கும் பயன்படுத்த வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கண்ணாடிப் பேனாவோ மை தொட்டு எழுதும் நிப்போ ஒன்று வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரில் அலசித் துடைத்தால் அடுத்த மைக்குத் தயார்.

எழுத்தோடு சேர்த்து ஒரு பட்டையும் தீட்டிக்கொள்ளுங்கள். பஞ்சுக்குச்சியை மையில் தோய்த்து ஒரு தடவை இழுங்கள். அதன்மேல் பாதியளவுக்கு இரண்டாம் தடவை, கால்வாசிக்கு மூன்றாம் தடவை. மெல்லிசாக இருக்கும்போது மை எந்தப் பக்கம் சாய்கிறது, அடர்ந்தால் என்னவாகிறது என்று இரண்டும் தெரியும். ஈரத்தில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒருநாள் முழுக்கக் காயவிட்டுப் பிறகு பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத திண்ணையில் வைத்துப் பாருங்கள். அப்புறம் ராத்திரி ட்யூப் லைட்டில் அதே தாளைப் பாருங்கள். விளக்கொளியில் இரட்டைப் பிள்ளைகளாக இருந்த இரண்டு நீலங்கள் பகலில் பிரிந்து நிற்பது உண்டு. இரண்டிலும் உள்ள சாயங்கள் வேறு என்பதற்கு அது முதல் சாட்சி.

இரண்டாம் சாட்சிக்குச் சாக்பீஸ் போதும். பள்ளிக்கூடத்தில் தாளில் கொட்டிய மையை உறிஞ்ச வைத்தோமே, அதே சாக்பீஸ்தான். அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் மையால் சுற்றி ஒரு வளையம் போட்டு, அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். வளையம் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீர் மெல்ல ஏறும்போது சாயங்களையும் இழுத்துக்கொண்டு போகும். வேகமாகப் போகும் சாயம் உச்சிக்குப் போய்விடும், சோம்பலானது அடியில் தங்கிவிடும். கறுப்பு மையை வைத்தால் அதற்குள்ளிருந்து நீலமும் சிவப்பும் மஞ்சளும் பிரிந்து வருவதைப் பார்க்கலாம். பிள்ளைகளோடு செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. பார்வைக்கு ஒன்றான இரண்டு மைகள் சாக்பீஸில் வேறு வேறு பட்டைகளாகப் பிரிந்தால், அவை காலப்போக்கில் வெளுப்பதும் வேறு வேறு விதமாகத்தான் இருக்கும்.

இனி நிறங்களுக்கு வருவோம். ராயல் ப்ளூ வகையில் பெலிகன் 4001 ராயல் ப்ளூவும் லாமி ப்ளூவும் நெருங்கிய சொந்தம். இரண்டும் லேசான ஊதா கலந்த வெளிர் நீலம். ஒன்று தீர்ந்தால் மற்றதைத் தயங்காமல் வாங்கலாம். வாட்டர்மேன் செரினிட்டி ப்ளூ இவற்றைவிட ஒரு படி அடர்த்தி, நல்ல தாளில் லேசான செம்மினுக்கும் காட்டும். ஐரோப்பியப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்த இந்த வகை நீலங்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இவற்றின் சாயம் ஒரு கார்பன் அணுவை நடுவில் வைத்து மூன்று வளையங்கள் சேர்ந்தது. மூன்றும் ஒருங்கிணைந்து வேலை செய்வதால்தான் நீலம் தெரிகிறது. இங்க் அழிப்பான் பேனாவில் உள்ள சல்பைட் உப்பு அந்த நடு கார்பனில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே வளையங்களுக்கு இடையே இருந்த தொடர்பு அறுந்து நிறம் போய்விடுகிறது. சாயம் தாளில்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அதே மையால் அந்த இடத்தில் திரும்ப எழுதினாலும் நிற்காது. அதனால்தான் அந்த அழிப்பான்களின் மறுமுனையில் அழியாத வேறு நீலம் வைத்திருக்கிறார்கள்.

அழிக்க வசதியான மை வெயிலிலும் வெளுக்கும், தண்ணீரிலும் கரையும். வகுப்புக் குறிப்பு, நாட்குறிப்பு, கணக்குப் போட்டுப் பார்ப்பது, இவற்றுக்கு ராயல் ப்ளூ அருமையான மை. பேனாவை அடைக்காது, சட்டையில் பட்டாலும் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். பத்திரத்துக்கும் காசோலைக்கும் அதைக் கொண்டுபோகக் கூடாது. இந்திய ராயல் ப்ளூக்களைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கையில் உள்ள பாட்டிலைத் தீட்டிப் பாருங்கள், பெயரை நம்பாதீர்கள். கடைக் கண்ணாடி அலமாரியில் வருஷக்கணக்கில் வெயில் பட்டு நின்ற பாட்டிலுக்கும் புதுச் சரக்குக்கும் நிறம் ஒத்துப்போகாது.

ப்ளூ பிளாக்கில்தான் ஏமாற்றம் அதிகம். ஒப்பிடும்போது அதிகம் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். தொடக்கத்தில் ப்ளூ பிளாக் என்பது ஒரு நிகழ்ச்சிக்கு வைத்த பெயர். எழுதும்போது நீலம், நாளாக நாளாகக் கறுப்பு. இது இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து செய்கிற வேலை. வாழைக்காய் நறுக்கிய இரும்பு அரிவாள்மனை கறுத்துப்போவதும், இரும்புச் சட்டியில் போட்ட நெல்லிக்காய் கறுப்பதும் இதே வேதிவினைதான். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் அன்னபேதியும் வாங்கி வந்து, கடுக்காய்த் தோலைத் தட்டிக் கொதிக்கவைத்து வடித்த கஷாயத்தில் ஒரு சிட்டிகை அன்னபேதியைப் போடுங்கள். கண்ணெதிரே கறுக்கும். ஐரோப்பியர்கள் கடுக்காய்க்குப் பதில் மாசிக்காயைப் பயன்படுத்தினார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். காற்றிலுள்ள பிராணவாயு பட்டதும் இரும்பு மாறி, துவர்ப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத கறுப்பாகத் தாளின் நாருக்குள்ளேயே படிந்துவிடுகிறது. பேனா மையில் சேர்க்கும் நீலச் சாயம், எழுதும் நேரத்தில் எழுத்து தெரிவதற்காக மட்டும். பின்னால் அது வெளுத்தாலும் கறுப்பு நிற்கும். வீட்டில் செய்த கஷாயத்தைப் பேனாவில் ஊற்றிவிட வேண்டாம், வண்டல் அடைத்துவிடும்.

இன்றைய கடைகளில் ப்ளூ பிளாக் என்ற பெயரில் இருப்பவற்றில் பெலிகன் 4001 ப்ளூ பிளாக்கும் ஜப்பானின் பிளாட்டினம் ப்ளூ பிளாக்கும் இந்த இரும்பு வகை. லாமி ப்ளூ பிளாக் முன்பு இரும்பு மையாக இருந்தது, பிறகு சாய மையாக மாறிவிட்டது. பார்க்கர் குயிங்க் ப்ளூ பிளாக், வாட்டர்மேன் மிஸ்டீரியஸ் ப்ளூ இரண்டும் சாயம்தான். காய்ந்தபின், நாள்பட்டபின், இவை இரண்டும் பச்சை கலந்த நீலத்துக்குப் போகும். கருநீலம் வேண்டும் என்று வாங்கியவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக இவை இரண்டும் பொருந்தும். பைலட் ப்ளூ பிளாக்கில் இரும்பு கிடையாது, இருந்தாலும் தண்ணீரை நன்றாகத் தாங்கும். எழுதிய அன்று இவை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதோ ஒரு கருநீலம் என்று தோன்றும். ஒரு வாரம் கழித்துச் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அப்போது தெரிந்துவிடும் யார் நிற்கிறார்கள் என்று. நம் நாட்டிலும் இரும்பு மைக்கென்று தனித் தரக்குறியீடு இருக்கிறது: ஐ.எஸ். 220. அதன்படி மையில் 0.1 சதவீதம் இரும்பு இருக்க வேண்டும்.

இந்த ஊரில் இது ஏன் முக்கியம் என்றால், இங்கே பழைய எழுத்துக்கு மதிப்பு அதிகம். 1880-இல் பிரெஞ்சு இந்தியாவில் கம்யூன் என்ற உள்ளாட்சிகளை அமைத்தபோது காரைக்காலின் கம்யூன்களில் கோட்டுச்சேரியும் ஒன்று. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்தது. அதற்கு முன், பிரெஞ்சுக் காலத்துப் பதிவேட்டில் யாரோ ஒரு எழுத்தர் எழுதிய ஒரு பிறப்பு வரியை வைத்துத்தான் இன்றும் பேரப்பிள்ளைகள் குடியுரிமைக்கும் பென்ஷனுக்கும் ஆதாரம் காட்டுகிறார்கள். அந்த வரி வெளுத்திருந்தால் ஒரு குடும்பத்தின் கதையே வேறு. இங்கிலாந்தில் பதிவாளர்களுக்கென்றே ரெஜிஸ்ட்ரார்ஸ் இங்க் என்று இரும்பு மையைத் தனியாகத் தயாரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமித் தண்ணீர் ஏறிய காரைக்கால் கடலோரக் கிராமங்களில் நனைந்த காகிதம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் வைத்துக் காக்க வேண்டிய எதையும் சாய மையில் எழுதாதீர்கள். நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஊதாவுக்கு இங்கே ஒரு தனிப் பாசம் இருக்கலாம். பிரான்சில் 1960-கள் வரை பள்ளிப் பிள்ளைகளின் மை ஊதாதான். மேசையில் பதித்த பீங்கான் மைக்கூட்டில் நிப்பைத் தோய்த்து எழுதினார்கள். 1965-இல் பால்பாயிண்ட் பேனாவுக்கு அனுமதி வந்தபின் அது மெல்ல மறைந்தது. 1670-ஐத் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் ஜே. ஹெர்பின் அந்தப் பள்ளி ஊதாவை வயலெட் பான்சே என்ற பெயரில் இன்றும் விற்கிறது. வாட்டர்மேனின் டெண்டர் பர்ப்பிள், பெலிகன் 4001 வயலெட், ப்ரில் வயலெட் ஆகியவற்றை அதனோடு ஒப்பிடும்போது, மூன்று தடவை தீட்டிய இடத்தைவிட ஒரு தடவை தீட்டிய இடத்தைக் கவனியுங்கள். ஊதாக்கள் அடர்ந்தால் எல்லாம் ஒன்றுபோல் தெரியும். மெல்லிசாகும்போதுதான் நீலப் பக்கம் சாய்வது எது, ரோஜாப் பக்கம் சாய்வது எது என்று பிரியும். இவை எல்லாமே வெயிலுக்குப் பயந்தவை.

டர்க்காய்ஸ் நீலங்களில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் குறைவு. காரணம், பல டர்க்காய்ஸ் மைகளில் செம்பு கலந்த ஒரே வகைச் சாயம் இருப்பதுதான். பெலிகன், லாமி, ப்ரில் என்று எதை எடுத்தாலும் பெரிய ஏமாற்றம் இருக்காது. விலை குறைந்ததை வாங்குங்கள். ஆனால் பரீட்சைக்கு வேண்டாம். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே நீலம் அல்லது கறுப்பு மை என்று அச்சிட்டிருப்பார்கள். டர்க்காய்ஸ் நீலமா பச்சையா என்று திருத்துகிறவர் யோசிக்கும்படி எந்தப் பிள்ளையும் எழுதக் கூடாது. காசோலைக்கும் ஆகாது. இப்போது வங்கிகள் காசோலையை ஸ்கேன் செய்த படமாகத்தான் அனுப்புகின்றன. வெளிர் மை படத்தில் மங்கிவிடும்.

பச்சையைப் பற்றிக் கேட்பவர்களில் பலர் கையெழுத்துக்காகக் கேட்கிறார்கள். மத்திய அரசு அலுவலக நடைமுறைக் கையேட்டின்படி கோப்புகளில் நீலமோ கறுப்போதான். இணைச் செயலர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மட்டும், அதுவும் அபூர்வமாக, பச்சையோ சிவப்போ பயன்படுத்தலாம். வீட்டுக் கடிதத்துக்கு யாரும் தடுக்கமாட்டார்கள்.

மாதிரித் தாளை வெட்டி அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி, மையின் பெயர், பாட்டில் வாங்கிய மாதம், தாள், நிப்பு எல்லாவற்றையும் பின்பக்கம் பென்சிலில் குறியுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் வரும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வைத்து, பிறகு எடுத்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் உள்ள இடைவெளி சிறியதாக இருக்கிற மையே நம்பகமானது.

ஒரு மையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பேனாவை வெறும் தண்ணீரில், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். இரும்பு மையோடு வேறு மை கலந்தால் திரண்டு அடைத்துக்கொள்ளும். இரும்பு மை அமிலத் தன்மை உள்ளது என்பதால் மலிவான ஸ்டீல் நிப்பில் வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். உப்புக்காற்று வேறு சேர்ந்தால் நிப்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். எபோனைட் பேனா பழைய மையைச் சுலபத்தில் விடாது, நிப்புக்கு அடியிலுள்ள கட்டையைக் கழற்றி ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும். கடையில் அதே அலமாரியில் நிற்கும் வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க் பாட்டிலை மட்டும் தொடவே வேண்டாம். அது காய்ந்தால் கரையாது. மைப்பேனாவுக்குள் போனால் பேனா போயிற்று.